மேட்டு வீட்டிலிருந்து இறங்கிய மூன்றடுக்கு கேக்

கேக் அக்காவின் வீடு மேட்டின் உச்சியில். வாசலைத் தாண்டினால் கடைத்தெரு வரை ஒரே இறக்கம். கேக் செய்வதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எலெக்ட்ரிக் காருக்கு வீட்டிலேயே சார்ஜர் மாட்டிய நாளிலிருந்து ஒரு தலைவலி: காலையில் கொண்டுபோகிற கேக்கெல்லாம் இறக்கத்து வளைவில் சரிந்துவிடுகிறது!

"இன்னொரு தடவை கோணலா வந்துச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவோம்மா" என்று வழக்கமாகக் கேக் வாங்கும் ஹோட்டலின் மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். கைப்பக்குவம் போய்விட்டதோ என்று அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் பிறந்தநாள் கேக்கோடு அதே இறக்கத்தில் போனார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் தானாகவே பதமாக வேகம் குறைந்தது. கேக் அசையவே இல்லை. காலையில் மட்டும் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ஓட்டமாக ஓடுகிறதே, பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறதே, ஏன்?

சட்டென்று பிடிபட்டது. இறக்கத்தில் இந்த எலெக்ட்ரிக் கார் தன் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குள் போட்டுக்கொண்டுதான் மெதுவாகிறது. ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏறி, காலையில் பேட்டரி நூறு சதவீதம் நிரம்பி நிற்கிறது. போட இடம் ஏது?

நிரப்பி வைப்பது வேறு யார், வீட்டுக்காரர்தான்!

"ஏங்க, இனிமே எண்பதோட நிறுத்திருங்க."

"அரை வயித்தோட அனுப்பச் சொல்றியா? மீதி இருபது என்ன பாவம் பண்ணுச்சு?"

"இறக்கத்துல தானா கொஞ்சம் ஏறும்."

"ஆமா, ரோட்டுல கொட்டிக் கிடக்கு, நீ அள்ளிட்டு வர்ற!"

"தினசரிக்கு எண்பதே தாராளம். பேட்டரியும் ரொம்ப நாள் உழைக்கும். தூரமா போறப்ப மட்டும் முழுசா ஏத்திக்கலாம். கார் புக்குலயே போட்டிருக்கு."

"எந்த புக்கு?"

"நீங்க மேசைக் காலுக்கு முட்டுக் குடுத்து வச்சிருந்தீங்களே, அதேதான்."

மறுநாள் ஹோட்டலில் கல்யாண விருந்து. மூன்றடுக்கு கேக். "நடுவழியில நின்னா தள்ள ஆள் வேணும்ல" என்று வீட்டுக்காரர் பின்சீட்டில் ஏறிப் பெட்டியை அணைத்துக்கொண்டார்.

இறக்கம் வந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்தார். யாரோ பின்னாலிருந்து மெல்ல இழுத்துப் பிடித்த மாதிரி கார் அடங்கியது. வளைவும் தாண்டியது. திரையில் எண்பது, எண்பத்தொன்றானது.

"ஏய்! ஏறுதுடி! சார்ஜ் ஏறுது!"

"அங்க என்ன வேடிக்கை? கேக்கைப் பிடிங்க!"

ஹோட்டலில் மேனேஜர் பெட்டியைத் திறந்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மூன்று அடுக்கும் கம்பீரமாக நின்றன.

"அடுத்த மாசமும் விருந்து இருக்கும்மா. நீங்கதான் செய்யணும்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்காரரோ, யாரும் கேட்காமலே மேனேஜரின் தோளில் கை போட்டு ஆரம்பித்துவிட்டார்:

"சார், நாங்கல்லாம் எண்பதுக்கு மேல ஏத்துறதே இல்ல!"