இரண்டாம் முறை எழுந்து நின்றேன்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதை எழுதப் பலமுறை உட்கார்ந்து பாதியில் எழுந்து போயிருக்கிறேன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் நடுவில் என் மகன் தானியேலை அடக்கம் செய்தோம். அப்போது மலேசியாவில், சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். நான் அங்கே தமிழ்ப் பள்ளி ஆசிரியை. என் கணவர் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. காய்ச்சல் என்று படுத்தான் பிள்ளை. பிறகு காய்ச்சல் விட்டது. கஞ்சி கூடக் கேட்டான். நாங்கள் ஸ்தோத்திரம் சொன்னோம். அதற்குப் பிறகுதான் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, லாரியில், என் மடியில் கண்ணை மூடினான். அவனுக்கு ஒன்பது வயது. டெங்கி என்கிற கொசுக் காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு ஈப்போவில் எங்கள் மெதடிஸ்ட் சபைகளின் தேசிய மாநாடு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடுவது. தமிழர், சீனர் எல்லாரும் ஒரே மண்டபத்தில் உட்காருவார்கள். மாதர் சங்கத்தில் என்னைப் பேராளராகத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு மனமே இல்லை. நாலு பேரைப் பார்த்தால் துக்கம் ஆறும் என்று போதகர்தான் வற்புறுத்தினார்.

மாநாட்டுக்குச் சில நாள் முன்பு என் மகள் ரூத்துக்குக் காய்ச்சல் கண்டது. இந்த முறை நாங்கள் எதற்கும் காத்திருக்கவில்லை. வாடகைக் கார் பிடித்து நேராக ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே காய்ச்சல் விட்டது. விட்டது என்று நர்ஸ் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. மற்றத் தாய்மார் சிரிக்கும் செய்தி அது.

பார்வையாளர் நேரம் முடிந்தால் வார்டில் யாரையும் விடமாட்டார்கள். என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மாநாடு நடந்த மண்டபம் நடந்து போகிற தூரம்தான். "நீ போய் உக்காரு. இங்க ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்து என்ன செய்யப் போறோம்?" என்றார். உட்கார வேறு இடம் இல்லாததால்தான் போனேன். பக்தியால் போனேன் என்று சொன்னால் பொய்.

மண்டபத்தில் பேராளர்கள் உட்காரும் பகுதியைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குள் மற்றவர்கள் வரக்கூடாது. சபையில் எழுந்து பேசவும் பேராளர்களுக்கு மட்டுமே உரிமை. அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. சென்ற மாநாட்டுக்குப் பிறகு மறைந்த ஊழியர்கள், பேராளர்கள் பெயர்களைப் பேராயர் வாசிப்பார். வீட்டில் ஒருவரை இழந்தவர்களும் அப்போது எழுந்து நிற்பார்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். பாட்டு முடியும்வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தானியேலுக்காக நான் எழுந்து நின்றேன். எல்லாரும் பாடினார்கள். நான் ஜெபித்தேன். "ஆண்டவரே, அடுத்த மாநாட்டில் ரூத்துக்காக என்னை இப்படி நிற்க வைக்காதேயும்." இதற்கு மேல் எனக்கு ஜெபம் தெரியவில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் கணவர் நின்றார். தொப்பி கையில். பாட்டு நடக்கிறதே என்று மரியாதைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன். பாட்டு முடிந்த பிறகு எப்படியோ கயிற்றருகே போனேன்.

"இன்னும் இருக்கா," என்றார். "ரத்தம் நிக்கலையாம். புதுசா எடுத்த ரத்தம் வேணுமாம், இன்னைக்கே. நம்ம ரெண்டு பேருதும் சேராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவர் ரத்தம் ஏ, என்னுடையது பி. எங்கள் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டு அவள் ஏ-பியாகப் பிறந்திருந்தாள். பிரிக்காமல் முழு ரத்தமாக ஏற்றுவதால் அதே வகைதான் வேண்டுமாம். பெற்ற இரண்டு பேர் நிற்கிறோம், எங்கள் ரத்தம் அவளுக்கு ஆகாது.

"யார்கிட்ட போய்க் கேக்குறது? ஈப்போல நமக்கு யார் இருக்கா?" என்று அவர் கேட்டார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கயிற்றுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே நின்றேன். எனக்குப் பேச உரிமை இருந்தது.

பேராயர் அடுத்த அறிக்கைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். எந்தத் தீர்மானத்தைப் பற்றி என்று கேட்டார். என் ஆங்கிலம் எல்லாம் மறந்துபோனது. எனக்குத் தெரிந்த கடைவீதி மலாயில், என் பிள்ளை சாகக் கிடக்கிறாள், ஏ-பி ரத்தம் வேண்டும் என்று சொன்னேன். அதற்கு மேல் அழுதுவிட்டேன். பேராயர் அறிக்கையை மூடி வைத்தார். ஒரு வரி ஜெபம் செய்தார். பிறகு, "போகக்கூடியவர்கள் போங்கள்" என்றார்.

பாதி மண்டபம் எழுந்தது.

பலருக்குத் தங்கள் ரத்தம் என்ன வகை என்றே தெரியாது. ஆஸ்பத்திரியில் வரிசையாக நின்று விரலை நீட்டினார்கள். ஒவ்வொருவராக இல்லை, இல்லை என்று திரும்பினார்கள். முதலில் சேர்ந்தது சித்தியவானிலிருந்து வந்த ஒரு சீனப் பேராளருக்கு. பெயர் லிங். ரப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர், நம் தமிழை நன்றாகப் பேசினார். ஊசி குத்தியிருந்த கையோடு படுத்தபடி என்னைப் பார்த்து, "அழாத அக்கா. நான் பன்றி நெறைய சாப்புடுற ஆளு, ரத்தம் கெட்டியா இருக்கும் லா," என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேருக்குச் சேர்ந்தது. மறுநாள் மாலை ரூத் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லிங் அண்ணன் சித்தியவான் ரொட்டி ஒரு டின் நிறைய பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். நாங்கள் முறுக்கு அனுப்புவோம். போன கிறிஸ்துமஸுக்கு டின் வரவில்லை. அவர் வேலையாக இருப்பார் என்று நினைத்தோம்.

அண்மையில் அடுத்த மாநாடு சித்தியவானிலேயே கூடியது. மறுபடியும் என்னை அனுப்பினார்கள். ரூத்தையும் கூட்டிப் போனேன். பெயர்களை வாசிக்கும் நேரம் வந்தது. இந்த முறை நான் உட்கார்ந்திருக்கலாம் என்று மனத்துக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது லிங் அண்ணன் பெயரைப் பேராயர் வாசித்தார்.

நான் எழுந்து நின்றேன். பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பினேன். கயிற்றுக்கு வெளியே என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

முன் வரிசையில் நின்ற லிங் அண்ணனின் மனைவி எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்களை நேரில் பார்த்ததே இல்லாததால், தன் குடும்பத்துக்காக ஏன் ஒரு தமிழ்ப் பெண்ணும் மகளும் நிற்கிறார்கள் என்று நினைத்திருப்பார். பாட்டு முடிந்ததும் ரூத் போய் அவர் கையைப் பிடித்து, தான் யார் என்று மலாயில் சொன்னாள். அந்த அம்மா அவள் கையைத் திருப்பி, முழங்கை மடிப்பில், ரத்தம் ஏற்றிய இடத்தில், விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

தானியேலுக்காகவும் இதே வாயால்தான் ஜெபித்தேன். அவனை ஏன் எடுத்தார், இவளை ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. இன்றும் ரூத் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் முன்பெல்லாம் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைப்பேன். இப்போது எங்கள் தோட்டத்தில் யார் வீட்டில் பிள்ளை படுத்தாலும் முதலில் போய் நிற்கிறேன்.

உங்களில் யாராவது இன்று பிள்ளையின் படுக்கையருகே உட்கார்ந்து இதை வாசித்தால், ஒன்று சொல்கிறேன். ஆண்டவரிடம் கேளுங்கள். அவருடைய ஜனங்களிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். நான் பாதியில் அழுதுவிட்டேன். அது போதுமாக இருந்தது.