அரிசி டிரம்மில் வைத்த போன்

ஆந்திரா எல்லையில் இருக்கிற சத்தியவேட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை செய்தேன். ஐந்தாவது வரை படிப்பு. ஆம்பளைகள் எதிரில் எனக்குப் பேச வராது. காலேஜுக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. தெரியாத குரல்

ஜோதி எங்கள் ஹாஸ்டலில் தங்கி இண்டர், அதாவது பிளஸ் டூ, முடித்து, என்ட்ரன்ஸில் நல்ல ரேங்க் வாங்கியிருந்தாள். அவள் அப்பா செங்கல் சூளையில் கூலி. "கம்பெனி வேன் ஊருக்குள்ளயே வருது, வேலைக்கு ஏறிப் போ" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அதனால் கவுன்சலிங் ஃபாரத்தில் அப்பா நம்பரை எழுதப் பயந்து, என் நம்பரை எழுதினாள். அதற்கு என்ன வரும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எந்தக் காலேஜ் வேண்டும் என்று நெட்டில் ஆப்ஷன் கொடுக்கக் கடைசி நாள். இங்கே நெட் கடைக்காரர் அவள் அப்பாவுக்குத் தெரிந்தவர். காலேஜில் டி.சி. வாங்கி, ஹாஸ்டலுக்கும் போய் வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு, திருப்பதிக்கு பஸ் ஏறினாள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

மதியம் போன் வந்தது. தெலுங்கில் ஓர் ஆண் குரல்: "அம்மா, ஓடிபி செப்பண்டி."

ஓடிபி கேட்டால் சொல்லாதே என்று பேங்கில் சொல்லியிருந்தார்கள். கட் பண்ணினேன். மறுபடி வந்தது. ஆஃப் பண்ணி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டேன்.

2. வாசலில் நின்றவர்

நாலு மணிக்கு ஜோதியின் அப்பா வந்து நின்றார்.

"இன்னாக்கா, டி.சி. வாங்க இம்மா நேரமா? எங்க எம்பொண்ணு?"

ஜோதியிடமே கேட்கலாம் என்று டிரம்மைத் திறந்து போனை ஆன் பண்ணினேன். உடனே அடித்தது.

"பெரிம்மா, நாந்தான். எத்தினி வாட்டி இங்க நெட் கடைக்காரரு போன் பண்றாரு. அஞ்சு மணிக்கு ஆப்ஷன மூடிடுவாங்க. இப்ப ஒரு நம்பர் வரும், படி பெரிம்மா." அழுதுகொண்டே பேசினாள்.

நம்பர் வந்தது. இரண்டு முறை தப்பாகப் படித்தேன்.

"இன்னா நம்பரு அது?" என்றார்.

"காலேஜ் நம்பரு. ஜோதி திருப்பதில கீது. படிக்க விடுங்க." அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

போனைப் பிடுங்கினார். உடைத்துவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நைனா பேசறேன். எழுதிக்கோ." ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, இரண்டு தடவை படித்தார். பிறகு, "அங்கயே இரு. நான் வர்ற வரைக்கும் கடையை விட்டு வெளிய வராத" என்றார்.

என்னிடம் போனைத் திருப்பித் தந்தார். "தனியா அம்மாந்தூரம் போயிகீதே, ஒனக்கு பயமா இல்லியாக்கா?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ஜோதி இப்போது திருப்பதியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அதன் பிறகும் பிள்ளைகள் என் நம்பரைக் கேட்பார்கள். தருவேன். ஆனால் முதலில் அவர்கள் அப்பாவுக்கு நானே போன் பண்ணி, நடுங்கிக்கொண்டாவது பேசிவிடுவேன்.