தாயில்பட்டியில் தள்ளிய கார்

போன வாரம் எங்கள் ஆபீசில் ஏ.சி. ரிப்பேர் நடந்தது. மேலே தட்டியைப் பிரித்த ஆள், உள்ளேயிருந்து மஞ்சள் பஞ்சைக் கொத்தாக இழுத்து என் மேஜைப் பக்கம் போட்டார். கண்ணாடிப் பஞ்சு. பார்வைக்குப் பஞ்சுமிட்டாயின் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். எதையும் தொட்டுப் பார்த்தால்தான் ஆகும் எனக்கு. தொட்டேன். சாயங்காலம் வரை முழங்கை இரண்டும் அரித்தன. தேங்காய் எண்ணெய் தேய்த்தும் போகவில்லை. பஸ்ஸில் சொறிந்துகொண்டே வரும்போதுதான், இந்த அரிப்பு எனக்கு ஏற்கெனவே பழக்கமானது என்று ஞாபகம் வந்தது. பல வருசத்துக்கு முன்னால் விருதுநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அண்ணன் கதிரேசன் ஒரு காரின் சைலன்சரை அறுத்துப் பிளந்தான். உள்ளே இருந்தது இதே பஞ்சு.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார்தான், அதில் சந்தேகமில்லை. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு ஒட்டிப் படுத்த சிவப்பு உடம்பு. ஆனால் எங்களிடம் வந்தபோது அதற்கு முன்கண்ணாடியும் இல்லை, உயிரும் இல்லை. அண்ணன் சிவகாசியில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற கம்பெனியில் மிஷின் ரிப்பேர் பார்த்தான். முதலாளி வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்தக் காரைப் பாலத்தில் இடித்துவிட்டு வேறு கார் வாங்கிக்கொண்டார். இது ஷெட்டில் இரண்டு மழைக்காலம் கிடந்தது. பழைய இரும்புக்குப் போடப்போகிறோம் என்று அவர்கள் சொன்ன அன்றே அண்ணன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கனலே உக்காருறது?" என்றாள். அந்தக் கேள்விக்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை.

ஒரு வருசத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின. அண்ணன் காருக்கு அடியில் படுத்திருப்பான். வெளியே நீண்டிருக்கும் கைக்கு நான் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் எது, பதிமூன்று எது என்று இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்ல முடியாத திறமை.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். ஒரு பெண் குழந்தை மத்தாப்பைப் பிடித்துச் சிரிக்க வேண்டும், பின்னால் மஞ்சளும் சிவப்புமாக ஏதாவது சிதற வேண்டும், மேலே கோணல் எழுத்தில் 'டமார்' வேண்டும். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றே சொல்வார்கள்: "பெட்டியப் பாத்தாலே காது அடைக்கணும்மா." நாள் முழுக்கச் சத்தத்தைப் படமாகப் போட்டுப்போட்டு, சத்தம் என்றால் நல்லது, பெரிய சத்தம் என்றால் மிக நல்லது என்று எனக்குள் பதிந்துவிட்டிருந்தது போல.

எஞ்சின் ஓடிய முதல் நாள் அண்ணன் முகம் வாடிப்போனது. "என்ன புள்ள, தையல் மிஷின் மாதிரி சத்தம் வருது" என்றான். செல்போனில் எங்கெங்கோ வெளிநாட்டுக்காரர்கள் இதே மாதிரிக் கார்களை உறுமவிடும் வீடியோக்களைப் பார்த்தான். எனக்கும் போட்டுக் காட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை ஜாக்கியில் தூக்கி, நான்கு பக்கமும் கருங்கல் கொடுத்து, அடியில் நுழைந்தான். துருப்பிடித்த போல்ட்டுகள் மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை. கட்டிங் மிஷினை வைத்துக் குழாயை அறுத்தான். சத்தத்தை அடக்குகிற தகரப் பெட்டி, பால்கேன் பருமனில், தொப்பென்று விழுந்தது. பிளந்து பார்த்தோம். ஓட்டை ஓட்டையான குழாய்கள்; சுற்றிலும் அந்தப் பஞ்சு. இவ்வளவுதானா என்றிருந்தது. இரண்டு பேரும் மூன்று நாள் சொறிந்தோம்.

பெட்டி இருந்த இடத்தில் அண்ணன் ஒரு நேர்க்குழாயை வெல்டிங் வைத்தான். ஸ்டார்ட் செய்ததும் கொல்லையில் கட்டியிருந்த துணிக்கொடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு மாமா மதில்மேல் தலையை நீட்டி, "ஏலே கதிரேசா, கம்பெனி வேலைய வீட்டுக்கே கொண்டாந்துட்டியா?" என்று கத்தினார். அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"போதுமா புள்ள?"

"பத்தலண்ணே."

இதை நான்தான் சொன்னேன். முன்பக்கம் இன்னொரு சின்னப் பெட்டி இருந்தது. அதையும் அறுத்தான்.

அதற்குப் பிறகு வந்தது வேறு சத்தம். வேகத்தில் போகும்போது உறுமல். ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்னால் படீர் படீர் என்று வெடிக்கும். எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய் எரிகிறது, வெல்டிங்கில் எங்கோ காற்று புகுகிறது என்று அண்ணன் விளக்கம் சொன்னான். அடைக்கலாம்தான். "கெடக்கட்டும், நல்லாத்தான இருக்கு" என்றான். நானும் ஆமாம் என்றேன்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். அம்மா தன் மகனின் காருக்குப் பூஜை போட பஸ்ஸில் வந்து, பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். எனக்கு மதியம் அச்சாபீஸ் போக வேண்டும். சிவகாசியில் இறக்கிவிடுகிறேன் என்று அண்ணன் தாயில்பட்டி வழியாக வந்தான். தீபாவளி சீசன் நேரம். ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் காடு, தள்ளித்தள்ளி வெள்ளையடித்த சின்னச் சின்ன ரூம்கள், ஒவ்வொன்றிலும் நாலு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற பட்டாசு கம்பெனிகள். நான் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே போட்டுக்கொண்டு, எதிரே வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். பார்த்தார்கள். சந்தோசமாக இருந்தது.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் வேகத்தடை. அண்ணன் காலை எடுத்தான். மூன்று தடவை வெடித்தது. மூன்றாவது, அதற்குமுன் எங்கள் கார் போடாத சத்தம். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

தெருவில் பெண்கள் வெளியே வந்தார்கள். காரை வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருத்தரும் காரைப் பார்க்கவில்லை. எல்லாரும் கூரைகளுக்கு மேலே, கிழக்கே, வானத்தைப் பார்த்தார்கள். புகை தெரிகிறதா என்று. கம்பெனிகளில் வெடியைப் போட்டுப் பார்ப்பது சாயங்காலம்தான். மத்தியானத்தில் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. ஒரு நிமிசம் நின்று பார்த்தார்கள். பிறகு ஓட ஆரம்பித்தார்கள்.

அண்ணன் தலையை வெளியே நீட்டி, "வண்டிச் சத்தம்க்கா! வண்டிதான்!" என்று கத்தினான். எஞ்சின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி கத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் நின்றார்கள். முன்னால் போனவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஒரு பெண் மட்டும் நிற்கவில்லை. முப்பது வயதிருக்கும். கையெல்லாம் மாவு. எங்கள் காரில் இடுப்பை இடித்துக்கொண்டுதான் போனாள். இடித்ததுகூட அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் குறுக்கே ஓடினாள். "ஏ பேச்சியம்மா, நில்லுடி" என்று யாரோ கத்தியது வீணானது.

அந்தப் பாதையில் எங்கள் கார் இறங்காது. இறங்கினாலும் எப்படி ஸ்டார்ட் செய்வது? அண்ணன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினான். நானும் ஓடினேன். ஒரு மைல் இருக்கும். வெயில், சீமைக்கருவேல முள். அண்ணன் அவளை எட்டிப் பிடிக்கவில்லை. கூப்பிட்டது அவள் காதில் விழவும் இல்லை.

நான் மூச்சிரைக்க கம்பெனி கேட்டுக்குப் போனபோது, அவள் வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எந்த ரூமுண்ணே? எந்த ரூமு?"

"என்னம்மா ரூமு? இங்கன ஒண்ணும் ஆகலியே."

"சொல்லுங்கண்ணே. எந்த ரூமுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. இப்படித்தான் சொல்வார்கள் என்பது அவள் எண்ணம். கடைசியில் அவர் உள்ளே ஆள் அனுப்பி அவள் புருசனை வரவழைத்தார். ஒல்லியான மனிதர், இரண்டு கைகளும் முழங்கை வரை அலுமினியத் தூள் ஒட்டி வெள்ளி மாதிரி மின்னின. "என்ன புள்ள, வேகாத வெயில்ல?" என்றார். பேச்சியம்மாள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அழவில்லை. "தோசக்கல்லு அடுப்புலயே கெடக்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் காலில் செருப்பு இல்லை. வலது குதிகாலில் முள் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அண்ணன் முன்னால் போனான். "என் வண்டிச் சத்தம்ணே. நான்தான் செஞ்சேன். வேணும்னு சத்தம் வர்ற மாதிரி" என்றான். அவன் அடி வாங்கத் தயாராக நின்ற மாதிரி இருந்தது. அவர் அடிக்கவில்லை. "எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். உள்ளே வேலை கிடந்தது; அவர் போய்விட்டார்.

திரும்பும்போது அண்ணன் தன் செருப்பைக் கழற்றிப் பேச்சியம்மாளுக்குக் கொடுத்தான். முள்ளை நான் எடுத்துவிட்டேன். என் தோளைப் பிடித்து, அந்தப் பெரிய செருப்பை இழுத்து இழுத்து நடந்தாள். அண்ணன் வெறுங்காலோடு பத்தடி பின்னால் வந்தான். பாதி வழியில் நான் கேட்காமலே பேசினாள். "எங்க அண்ணனுக்கு ஆனப்ப நான் ஓடல பாப்பா. சத்தம் கேட்டுச்சு. போட்டுப் பாக்காகன்னு நெனச்சு, கொளம்புல உப்புப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

ஊரில் காரைச் சுற்றிக் கூட்டம். எல்லாருக்கும் மூத்தவளாகத் தெரிந்த ஒரு அம்மாள், அண்ணன் கதவுப் பக்கம் போனதும் கையை நீட்டித் தடுத்தாள். "ஸ்டார்ட் பண்ணினேன்னா பாத்துக்க."

"அப்ப எப்படிம்மா போறது?"

"தள்ளு."

நானும் அவனும் தள்ளினோம். நாலடி நகர்ந்து மேட்டில் நின்றுவிட்டது. அந்த அம்மாளே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பின்னால் கைவைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். "பைப்பத் தொட்டுராதீக, சுடும்" என்று அண்ணன் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் அவனையும் அவன் வம்சத்தையும் வைதுகொண்டே தள்ளினார்கள். "எம்புட்டுக் கனம் கனக்கு, ரெண்டு பேரு உக்காருறதுக்கு" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழெட்டுப் பெண்கள், நடுவில் அச்சாபீஸ் சுடிதாரில் நான், முன்னால் சத்தமே இல்லாமல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஊர் தாண்டி ஓடைப் பாலம் வரை தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி எங்களை விருதுநகர் வரை இழுத்துக்கொண்டு வந்தார். அச்சாபீசுக்கு நான் அன்று போகவே இல்லை.

அண்ணன் பழைய வேன் ஒன்றின் சைலன்சரைத் தேடிப்பிடித்து அதில் மாட்டினான். கார் காய்கறி லோடு வண்டி மாதிரி முனகியது. ரொம்ப நாள் வைத்திருக்கவில்லை, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனார். "மொதல்ல இந்தச் சைலன்சரத் தூக்கணும்" என்று எங்கள் வாசலிலேயே சொன்னார். அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டான். இப்போது அவன் ஓசூரில் இருக்கிறான். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால், வெல்டிங்கில் ஊசி முனையளவு ஓர் ஓட்டை, அதை அடைத்திருக்கலாம் என்பான். அவ்வளவுதான் சொல்வான். 'பத்தலண்ணே' என்று நான் சொன்னதை இதுவரை அவன் எடுத்ததில்லை.

ஒன்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமே அவன் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனான். துணைக்கு நானும் பஸ்ஸில் போனேன். அவள் காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, "அளவு தெரியாம வாங்கியிருக்கீகளே" என்று திருப்பிக் கொடுத்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். மாற்றி வாங்கிக்கொண்டு போனபோது வீடு பூட்டியிருந்தது. அவள் வற்புறுத்தியதால் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்களாம். செருப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம்.

அப்புறம் அந்த வழியாக நான் அதிகம் போனதில்லை. போன சித்திரையில் ஓர் ஆர்டர் விசயமாகப் போகவேண்டி வந்தது. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதியில் பாதியை மாடி வைத்துக் கட்டியிருந்தார்கள். காட்டுக்குள் போகிற குறுக்குப்பாதையைக் கம்பிவேலி போட்டு அடைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த பஸ் அங்கே நின்றபோது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. மத்தியானம் ஒரு மணி. என் உடம்பு சீட்டிலிருந்து தானாக எழுந்துவிட்டது.

யாரும் வெளியே வரவில்லை. யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸிலும் தெருவிலும் எல்லாரும் செல்போனை எடுத்தார்கள். வாட்ஸப் குரூப்பில் ஏதாவது வருகிறதா என்று குனிந்து பார்த்தபடி இருந்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கையில் போனோடு, கட்டைவிரலால் திரையை மேலே தள்ளி மேலே தள்ளிப் பார்த்தாள். உள்ளேயிருந்து யாரோ, "எங்கனயாம்?" என்று கேட்டார்கள்.

"இன்னும் போடல" என்றாள் அவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.