வாடகை குறைவு என்று நான் எழுதிய வரி

1. முதல் நாள்

ஹாலந்துக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை என்று சேர்ந்த முதல் நாள், ஷேவ் செய்து, சட்டையை இன் பண்ணி, பெல்ட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு மாட்டுங்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷம் லோக்கல் டிரெயினில் தொங்கி ஆபீஸ் போன உடம்பு. அதற்கு வேறு விதமாக வேலை பார்க்கத் தெரியாது.

"ஏன்னா, டைனிங் டேபிளுக்குப் போறதுக்கு ஷூ எதுக்கு?" என்றாள் மனைவி.

"கேமராவுல தெரிஞ்சாலும் தெரியும்" என்றேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு.

கடைகளில் பில் போடும் சாஃப்ட்வேர்தான் எங்கள் வேலை. மேனேஜர் லார்ஸ் அங்கே, நான் இங்கே. வேலை முடிந்ததா என்று மட்டும் கேட்பார். எத்தனை மணிக்கு உட்கார்ந்தாய், எப்போது எழுந்தாய் என்று கேட்க மாட்டார். இப்போது ரிட்டயராகிவிட்டேன். மத்தியானம் ஒன்றரை மணி ஆனால், தினமும் ஸ்கிரீனில் எல்லோரும் கூடிய அந்த மீட்டிங்குக்கு இன்னமும் மனசு ஏங்குகிறது.

2. சிபாரிசு

டெஸ்டர் ஒருவர் வேண்டும் என்றார் லார்ஸ். பழைய ஆபீஸில் என்னோடு இருந்த செல்வியைச் சொன்னேன். திருநெல்வேலிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவி. புரோகிராமில் ஒளிந்திருக்கும் பிழையை, எங்கள் பாஷையில் பக், கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

சிபாரிசு ஃபார்மில் 'இவரை ஏன் எடுக்கலாம்' என்று ஒரு கட்டம். நம் ஊர் ஆபீஸ்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரைச் சிபாரிசு செய்தால், கெட்டிக்காரர் என்று சொல்லிவிட்டு, 'ரொம்ப எதிர்பார்க்க மாட்டார் சார்' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் முதலாளி முகம் மலரும். கைப் பழக்கத்தில் நானும் எழுதினேன்: 'தாராவியில் இருக்கிறார், வாடகை குறைவு, குறைந்த சம்பளத்துக்கே சந்தோஷமாக வருவார்.'

வேலை கிடைத்தது. ஸ்வீட் பாக்ஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுத்த மூன்று வருஷம் என் வேலை வாழ்க்கையிலேயே நல்ல காலம். அவள் வீட்டில் ஏணி ஏறிப் போகும் பரண்தான் ஆபீஸ். கீழே தையல் மெஷின் ஓடும். அது நிற்கிற நேரம் பார்த்து மைக்கை ஆன் செய்து, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி மியூட் பண்ணுவாள். மெஷின் நின்றதும் ஹாலந்துக்காரர்கள் தாங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு அவளுக்கு வழி விடுவார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

3. லார்ஸ் காட்டிய பக்கம்

ஒரு தரம் புது வெர்ஷன் ரிலீஸுக்கு முந்தின நாள், ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் எடுக்கிற பக் ஒன்றைப் பிடித்தாள். வெளியே போயிருந்தால் கம்பெனி மானம் கப்பலேறியிருக்கும். அந்த வாரமே, நானும் இருந்த வீடியோ காலில் லார்ஸிடம் கேட்டாள்: ஹாலந்தில் இதே வேலை பார்க்கும் ஆன்னாவுக்கு என்னைப் போல மூன்று மடங்கு சம்பளம், எனக்கு ஏன் இல்லை?

வேலைக்கு அல்ல, இருக்கும் ஊருக்குத் தகுந்த சம்பளம் என்றார் லார்ஸ். "இதை நாங்களாக முடிவு செய்யவில்லை. உங்கள் லீடே எழுதிக் கொடுத்தது" என்று என் ஃபார்மை ஸ்கிரீனில் போட்டார். அந்த லீட், அதாவது டீமின் தலைவன், நான்.

கால் முடிந்ததும் செல்வி போன் செய்தாள். குரல் உயரவில்லை.

"சார், எங்க ஒத்த ரூமு கோலிக்கு வாடகை எவ்வளவுன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டியளா?"

"இல்லம்மா."

"லேப்டாப் விக்கவன் தாராவின்னு சொன்னா வெலயக் கொறைப்பானா? கரண்டு போயிரும்னு இன்வெர்ட்டர் வேற வாங்கிப் போட்டிருக்கேன். ஆன்னாவுக்கு அந்தச் செலவே கெடையாது. ரெண்டு பேரும் ஒரே பக்கைத்தானே தேடுதோம்?"

"உனக்கு வேலை கிடைக்கணும்னுதான் எழுதினேன்."

"வேலை எனக்கு வேலை தெரியும்னு கெடைச்சிருக்கணும் சார். மலிவா வருவான்னு கெடைச்சிருக்கு."

வெட்கமாக இருந்தது. வாழ்நாளில் தாராவித் தெருப் பக்கம் இரண்டு தடவைக்கு மேல் போனதில்லை. அங்கே உள்ள வாழ்க்கைக்கு விலை போட்டவன் நான்.

4. என் கையெழுத்து

என் கான்ட்ராக்ட் அந்த மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது. லார்ஸுக்கும் அவருக்கு மேலே இருந்தவருக்கும் மெயில் எழுதினேன். 'அந்த வரி விவரம் தெரியாமல் நான் எழுதியது, அதை எடுத்துவிடுங்கள். டெஸ்டர் இருவருக்கும் ஒரே சம்பளம் என்று ஆகும்வரை என் புதுக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட மாட்டேன்.'

"பொண்ணோட காலேஜ் ஃபீஸ்?" என்றாள் மனைவி. மெயிலை அனுப்பிவிட்டேன். பயம் இல்லாமலா?

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. கடைசி நாள் சாயங்காலம் லார்ஸ் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து டெஸ்டர்கள் எல்லோருக்கும், எந்த ஊரில் இருந்தாலும், ஒரே சம்பளம். பெரிய சாதனை செய்துவிட்ட மிதப்பில் செல்விக்கு உடனே போன் போட்டேன்.

"சந்தோசம் சார்" என்றாள். "இனிமேலுக்குச் சரி. போன மூணு வருசத்துக்கு நான் யாருட்ட போய்க் கேக்க?"

அந்த மூன்று வருஷப் பாக்கி இன்றுவரை அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குச் சிபாரிசு எழுதிவிட்டேன். அவர்களுக்கு என்ன வேலை தெரியும் என்று மட்டும் எழுதுவேன். எவ்வளவில் வாழ முடியும் என்று எழுத எனக்கு உரிமை கிடையாது.