வில்லுக்கத்திக்கு ஒரு பற்றுச்சீட்டு

என்னிடம் பதினொரு வில்லுக்கத்திகள் இருக்கின்றன. எல்லாம் மடக்கிச் சட்டைப்பையில் போடுகிற சாதி. எருமைக்கொம்புப் பிடி போட்ட ஒன்று, வெள்ளவத்தை வீட்டிலிருந்து நான் எங்கே போனாலும் கூடவே வரும். போன மாதம் பொரளையில் ஓர் அரச அலுவலக வாசலில் அதைப் பிடித்துவிட்டார்கள்.

"கத்திய வச்சிட்டுப் போங்க ஐயா" என்றார் காவலாளி, பேச்சில் ஜிந்துப்பிட்டிக்காரர்.

இப்படி வாசல்களில் வைத்துவிட்டுப் போன இரண்டு கத்திகள் எனக்குத் திரும்பி வரவேயில்லை. மூன்றாவதையும் இழக்க நான் தயாரில்லை. ஒரு பொருளைப் பொறுப்பேற்றால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது முப்பது வருடம் அரச சேவையில் இருந்தவனுக்குத் தெரியாதா?

"பற்றுச்சீட்டுத் தாங்கோ."

"இங்க அத ஒருத்தரும் கேக்கிறதில்ல ஐயா."

"நான் கேக்கிறன்."

பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் நைலோன் கயிற்றால் இறுகக் கட்டியபடியே கிடந்தன. கத்தரிக்கோலுக்கும் அங்கே தடை. காவலாளி கயிற்றைப் பல்லால் கடித்துப் பார்த்தார். பிறகு என் கத்தியைப் பார்த்தார். அறுத்துக் கொடுத்தேன். "நல்ல கூர்" என்றவர், பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதினார்.

அதற்குள் மதிய இடைவேளை தொடங்கிவிட்டது. இனிக் காத்திருக்க ஏலாது, நாளைக்கு வருகிறேன், கத்தியைத் தாருங்கள் என்றேன்.

"உள்ள போய் வந்தாத்தான் குடுக்கலாம். இதில போட்டிருக்கு."

பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை வாசித்தேன். விதியில் பிழையில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

உள்ளே போனேன். ஆளில்லாத கதிரைகளைப் பார்த்தேன், தண்ணீர் குடித்தேன், வெளியே வந்தேன்.

"வேல முடிஞ்சுதா ஐயா?"

"ஓம்" என்று கத்தியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.