அம்மா போட்ட ஓட்டு

என் அப்பாவுக்குச் சமூகப் பாடத்தின் மேல் நம்பிக்கையே கிடையாது. கணக்குப் படித்தால் ஆபீஸில் உட்காரலாம், இங்கிலீஷ் படித்தால் ரயில்வேயில் சேரலாம், இதைப் படித்து என்ன செய்வது என்பார். அவர் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் இருந்தார். உள்ளே அடுக்கிய ஜாடிகளில் எத்தனை விரிசல் விட்டிருக்கும் என்று, சூளையைத் திறக்கும்வரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பதுதான் அங்கே வேலை. அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

எனக்கும் அது கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஆறாம் வகுப்பில் சமூகப் பாட சார், ஓட்டு என்று வந்துவிட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மதிப்புதான் என்றபோது நான் நம்பவில்லை. எங்கள் வீட்டில் காபி டம்ளர்கூட அப்பாவுடையதுதான் பெரியது. பெண்களுக்குச் சின்னச் சீட்டாகக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. என் வகுப்பறையே வாக்குச்சாவடி. காலையில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அப்பா, "மேலேர்ந்து ரெண்டாவது. மறந்துடாத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார். அம்மா தலையாட்டினாள்.

அம்மாவோடு போன நான், அவள் வரிசையில் நின்றதும் வகுப்பறையின் பின்பக்கம் நழுவினேன். அங்கே ஒரு ஜன்னலுக்குக் கதவு கிடையாது. அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அதன் ஓரத்து இடுக்கில் கண்ணை வைத்தேன். அம்மா வந்தாள். கையில் பெரிய சீட்டுதான். அவள் உடனே முத்திரையைக் குத்தவில்லை. ஒவ்வொரு சின்னமாக விரலால் தொட்டுக் கீழ்வரை போனாள். மறுபடி மேலே வந்தாள். கடைசியில் இரண்டாவதில் குத்தினாள். அதற்குள் ஒரு போலீஸ்காரர் என்னை விரட்டிவிட்டார்.

அப்பாவின் கட்சி தோற்றுப்போனது. தெருவில் எல்லாரும் எல்லாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் யாரோ, "உங்க மச்சான் ஜெயிச்ச கட்சி ஆச்சே, உங்க வூட்டு ஓட்டெல்லாம் சரியாத்தான் வுழுந்துச்சா?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டார்களாம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தேர்தலுக்கு முந்தின வாரம்தான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு பை கத்திரிக்காயோடு வந்துபோயிருந்தார். இப்போது அப்பாவுக்கு அந்தக் கத்திரிக்காய் மேலேயே சந்தேகம்.

"யாருக்குப் போட்ட?" என்றார் அம்மாவிடம்.

"போட்டேங்க."

"யாருக்குன்னு கேக்கறேன்."

"அதைச் சொல்லக் கூடாதாமே. பாப்பா சத்தம் போட்டுப் படிச்சிக்கிட்டு இருந்துச்சு, கேட்டேன்."

அப்பா என் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். இரகசிய வாக்கெடுப்பு என்ற பத்தியை நின்றபடியே இரண்டு முறை படித்தார். அட்டையைப் புரட்டி, யார் அச்சடித்தது என்றும் பார்த்தார்.

"இதெல்லாம் பரீட்சைக்கு எழுதறது. வூட்டுக்கு இல்ல."

அம்மா அரிசி களையப் போனாள். அன்றிலிருந்து அவள் குழாயடியில் யாரோடு பேசினாள், என்ன பேசினாள் என்று என்னிடம் விசாரணை நடந்தது. மாமாவின் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. யாருக்குப் போட்டாய் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போ, இல்லையென்றால் போகவேண்டாம் என்றார் அப்பா. தம்பி வீட்டு விசேஷம். அம்மா அதற்காக வெள்ளிக் கொலுசுகூட வாங்கி வைத்திருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போய், "அம்மா, நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். அப்பா சொன்னதுலதானே குத்துன. நான் போயி சொல்லிடறேன், சரியாயிடும்" என்றேன்.

அவள் சோப்புக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு இறுக்கமாக அவள் என்னைப் பிடித்ததே இல்லை.

"வாயத் தொறக்காத."

"ஏம்மா? நல்லதுதானே?"

"நீ சொல்லிட்டா அது அவரு ஓட்டாயிடும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பாவின் சின்னத்தில் குத்தினால் அது முன்னமே அப்பாவின் ஓட்டுதானே? அம்மா வேறு எதையோ மறைக்கிறாள் என்று எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் நான் சொல்லவில்லை. அந்தப் பிடி அப்படி.

காதுகுத்துக்கு அவள் போகவில்லை. கொலுசை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். அன்று தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல புடவையாக எடுத்து உடுத்திக்கொண்டு, பாயசம் வைத்தாள். இலையில் உட்கார்ந்த அப்பா அவளை நிமிர்ந்து பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "ஊத்துங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அம்மா ஏதோ ஜெயித்துவிட்டவள்போல நிதானமாக ஊற்றினாள். காதுகுத்துக்கும் போகாமல், குத்தியதும் அப்பா சொன்ன சின்னத்திலேயே என்றிருக்க, அவள் எதை ஜெயித்தாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.