மீன்கொத்தியின் வாசலில் சிமெண்ட்

ஏரிக்கரைக்குக் கல் பதித்துச் சிமெண்ட் பூசச் சொல்லி மனு எழுதியவன் நான்தான். பொதுநலம் கருதி என்று அதில் போட்டிருந்தேன். உண்மையில், புது வெள்ளை டிராக் பேண்ட்டோடு அந்தச் சேற்றில் வழுக்கி, யோகா வகுப்புக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, உட்கார்ந்தபடியே தண்ணீர்வரை போய்ச் சேர்ந்திருந்தேன். நகைச்சுவை எழுதிப் பிழைப்பவனுக்குத் தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பது அவ்வளவாகப் பிடிக்காது.

மைசூரில் என் மனு எதற்கும் பதில் வந்ததில்லை. இதற்கு மட்டும் மார்ச் பிறந்ததும் லாரியில் கல் வந்து இறங்கியது. தினமும் போய்ப் பெருமையாக வேடிக்கை பார்த்தேன்.

ஒரு காலை, முந்தின மாலை பூசிய சுவருக்கு முன்னால் ஒரு மீன்கொத்தி, அலகில் மீனோடு, ஒரே இடத்தில் வந்து வந்து மோதிக்கொண்டிருந்தது. கால் வைக்கப் பார்க்கும், வழுக்கும், மின்கம்பிக்குப் போகும், திரும்பி வரும். மீனை அது விழுங்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது மண்கரையில் வளை குடைந்து குஞ்சு பொரிக்கிற பறவை. நான் படித்து, நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்ட விஷயம்தான்.

ஏரி என்றால் தண்ணீர், மீன், பறவை என்கிறோம். மண்ணைச் சொல்வதில்லை. அதற்கு உயிரில்லை, எனவே அதற்காக வாதாடவும் ஆளில்லை. கரைச் சேற்றில் புழு, புழுவைத் தின்ன மீன், மீனைக் கொத்த இது, இது குடியிருக்க மறுபடி அதே கரை. அத்தனையையும் ‘அசிங்கம்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டோம். செருப்பில் அழுக்குப் படக்கூடாதென்று ஏரியைக் குளியல் தொட்டியாக்கும் ஜென்மங்கள் நாங்கள்.

கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த மேஸ்திரியிடம் ஓடினேன்.

“உள்ளே குஞ்சு இருக்குப்பா. உடை இதை.”

“எங்கீங்க சார்? நமக்கொண்ணும் தெரியலீங்களே.”

“பூசி மூடிட்டா எப்படித் தெரியும்?”

“பூசச் சொல்லி எழுதிக் குடுத்தது நீங்கதானுங்க? அதுல குருவியப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்களே.”

கத்தினேன். அவரை, காண்டிராக்டரை, மனுவை வாங்கிய அலுவலகத்தை, நடக்க வருகிற அத்தனை பேரையும் திட்டினேன். என்னைத் திட்டும் முறை வந்தபோது தொண்டை கட்டிவிட்டது. என் சத்தம் தாங்காமல்தான் அவர் கடப்பாரையை எடுத்திருக்க வேண்டும். பறவை மோதிய இடத்தில் பூச்சு பெயர்ந்து, கல் நகர்ந்து, ஒரு வளை தெரிந்தது. உள்ளிருந்து மெல்லிய கிறீச்சொலி. எல்லோரும் தள்ளி வந்து நின்றோம். வெகுநேரம் கழித்து மீன்கொத்தி உள்ளே போய், வெறும் அலகோடு வெளியே வந்தது.

மற்ற இடங்களில் எத்தனை வளைகள் மூடிப்போயின என்று காட்டிக்கொடுக்க எந்தப் பறவையும் அங்கே காத்திருக்கவில்லை.

மறுநாள் நடக்க வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என் தோளைத் தட்டினார்.

“நல்ல காரியம் பண்ணினீங்க சார். நோடி, இங்க பாருங்க, அந்த ஓட்டையைச் சுத்தி மட்டும் நாலு டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்க, நீட்டா இருக்கும்.”